உள்ளூர் வரலாற்றுச் சிறு அருங்காட்சியகங்கள்: காட்சியும் நிதியும் தமிழ்த்துறைகளின் பொறுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்துச் சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் தனியார் ஆர்வத்தாலும் பள்ளி மன்றங்களின் முயற்சியாலும் நடந்துவரும் உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகங்கள் இரண்டு குறைகளால் நலிகின்றன. ஒன்று, காட்சிப்பொருள்கள் உரிய விளக்கமின்றிக் கிடப்பது. மற்றொன்று, அன்றாடச் செலவுக்கு நிலையான வருவாய் இல்லாதது. இவ்விரண்டும் வெவ்வேறு சிக்கல்கள் அல்ல என்பதும், முதற்குறையைத் தீர்க்கும் தகுதியும் கடமையும் தமிழ்த்துறைகளுக்கு உண்டு என்பதும், நிதி திரட்டுவதற்கு நம் கல்வெட்டுகள் காட்டும் அறக்கட்டளை மரபு இன்றும் வழிகாட்டும் என்பதும் இக்கருத்துரையில் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உள்ளூர் வரலாறு, சிறு அருங்காட்சியகம், விளக்க அட்டை, நடுகல், அறக்கட்டளை, தமிழ்த்துறை.

முன்னுரை

அருங்காட்சியகம் என்றவுடன் 1851ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சென்னை அரசு அருங்காட்சியகமும், 1910இல் புதுக்கோட்டை சமத்தானத்தில் தோன்றிய அருங்காட்சியகமும், 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகமும் நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றுக்கு அரசின் நிதியும் ஊழியரும் உண்டு. இக்கருத்துரை இவற்றைப் பற்றியதன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டு முன்கூடத்திலும், அரசுப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்துக்கு ஒதுக்கப்பட்ட ஓர் அறையிலும், ஊர்ப் படிப்பகத்தின் ஒரு மூலையிலும் இயங்கும் சிறு காட்சியகங்களைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவர்களோடு அத்தகைய காட்சியகம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். ஒரே கூடம். சாவி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இருந்தது. முதுமக்கள் தாழியின் உடைந்த வாய்ப்பகுதி, கறுப்பு சிவப்புப் பானையோடுகள், கயிறு இற்றுப்போன சுவடிக் கட்டுகள், மரக்கால், படி, உழக்கு, சில செப்புக்காசுகள் ஆகியவை இருந்தன. வாயிலில் எழுத்துடைய நடுகல் ஒன்று நின்றது. அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் 'நடுகல் – பழமையானது' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. மின்கட்டணத்தை அவ்வாசிரியர் தம் ஓய்வூதியத்திலிருந்து கட்டிவந்தார். மாணவி ஒருவர், "ஐயா, இக்கல்லில் என்ன எழுதியிருக்கிறது?" என்று வினவினார். அவர், "பல்கலைக்கழகத்திலிருந்து வந்து படியெடுத்துக்கொண்டு போனார்கள் அம்மா. பிறகு ஒன்றும் சொல்லவில்லை" என்றார்.

படியெடுத்தவர் எங்கள் துறையின் ஆய்வாளர். அக்கல்லின் வாசகம் அவருடைய ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பிழையின்றி உள்ளது. ஆய்வேடு துறை நூலகத்தில் உள்ளது. கல் நின்ற ஊரில் அவ்வாசகம் இல்லை. இக்கருத்துரை எழுதப்படுவதற்கு அந்த ஒரு விடையே காரணம்.

1. விளக்கமே காட்சி

பன்னாட்டு அருங்காட்சியகப் பேரவை 2022இல் பிராகா நகரில் ஏற்றுக்கொண்ட வரையறை, அருங்காட்சியகத்தின் பணிகளாக ஆராய்தல், திரட்டுதல், பாதுகாத்தல், விளக்குதல், காட்சிப்படுத்தல் ஆகியவற்றைக் கூறுகிறது. ஆராய்தல் முதலில் நிற்பதும், காட்சிப்படுத்தலுக்கு முன்னதாக விளக்குதல் வைக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கன. நம் சிறு காட்சியகங்களில் திரட்டுதல் மட்டுமே நிகழ்ந்துள்ளது. பொருள் உள்ளது, அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்வார் இல்லை.

விளக்கத்தால் ஒரு கல் என்னவாகிறது என்பதற்குத் திருவண்ணாமலைப் பகுதியின் எடுத்தனூர் நடுகல் தக்க சான்று. 'பல்லவர் காலம், ஏழாம் நூற்றாண்டு' என்று எழுதினால் அது காலக்குறிப்பு மட்டுமே. அக்கல்லின் வாசகமோ மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எருமைகள் தொடர்பான பூசலில் கருந்தேவக்கத்தி என்பவன் பட்டதையும், கோவிவன் என்னும் பெயருடைய நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் கூறுகிறது. வீரனுக்கு எழுப்பிய கல்லில் நாயின் பெயரையும் பொறித்த ஊர் அது. இதனைப் பத்து வயதுச் சிறுவனுக்குச் சொன்னால் அவன் அக்கல்லைக் குனிந்து பார்ப்பான். நாயின் உருவத்தைத் தேடுவான்.

2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்றில் 'ஆகோள்' என்னும் சொல் உள்ளது. தொல்காப்பியர் வெட்சித் திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்த அதே சொல் இது. வகுப்பறையில் நூற்பாவாக நாம் நடத்தும் ஒன்று, மேய்ச்சல் நிலத்து ஊர் ஒன்றின் கல்லில் நிற்கிறது. இவ்விணைப்பைத் தமிழ் படித்தவரே எளிதில் காட்டவியலும். தொல்லியலாளர் காலத்தையும் கல்லின் தன்மையையும் கூறுவர். சொல்லின் வரலாற்றை எடுத்துரைக்க வேண்டியவர் நாம்.

காட்சி அமைப்பைச் செம்மைப்படுத்தப் பெருஞ்செலவு வேண்டும் என்பது பரவலான எண்ணம். அது முழு உண்மையன்று. முதலில் வேண்டுவது குறைத்தல். இருநூறு பொருள்களை ஒரே பேழையில் அடுக்குவதைவிட இருபதைத் தெரிந்தெடுத்து, எஞ்சியவற்றைப் பதிவோடு உள்ளே வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நன்று. ஒருமுறை வந்தவர் மீண்டும் வருவதற்கு அதுவே காரணமாகும். அடுத்து, பொருள்களை வகைப்படி வைக்காமல் வினாப்படி வைக்கலாம். 'இவ்வூரில் நீர் எங்கிருந்து வந்தது?', 'நெல்லை எப்படி அளந்தனர்?', 'யார் இங்கே வந்து குடியேறினர்?' என்னும் வினா ஒவ்வொன்றையும் சூழ்ந்து நான்கைந்து பொருள்கள் அமையலாம்.

முகத்தல் அளவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆழாக்கு இரண்டு ஓர் உழக்கு, உழக்கு இரண்டு ஓர் உரி, உரி இரண்டு ஒரு நாழி, நாழி எட்டு ஒரு குறுணி, குறுணி பன்னிரண்டு ஒரு கலம் என்னும் வாய்பாட்டைப் பலகையில் எழுதிவைத்தால் எவரும் படியார். பழங்கலங்களைப் பேழையில் வைத்துவிட்டு, அதே அளவில் புதிதாகச் செய்த கலங்களையும் ஒரு தொட்டி நெல்லையும் முன்னே வைத்தால் சிறுவர்கள் தாமே அளந்து வாய்பாட்டைக் கண்டறிவர். தஞ்சைப் பெரிய கோயிலில் 'ஆடவல்லான்' என்னும் பெயரால் ஒரு மரக்கால் வழங்கியது என்பதையும், அளவுக் கருவிக்கு இறைவன் பெயரைச் சூட்டியது ஏன் என்பதையும் அவ்விடத்திலேயே ஓர் அட்டையில் கூறலாம். இதற்காகும் செலவு ஒரு கருத்தரங்கப் பதாகையின் செலவுக்கு மேற்படாது.

விளக்க அட்டையின் மொழியில் தனிக்கவனம் வேண்டும். நம் ஆய்வுரை நடையை அப்படியே அட்டைக்கு மாற்றலாகாது. நின்றுகொண்டு படிப்பவர் ஐம்பது அறுபது சொற்களுக்கு மேல் படியார். முதல் தொடரிலேயே கண்ணெதிரே உள்ள பொருளைச் சுட்ட வேண்டும். கல்வெட்டாயின் மூல வாசகம், இன்றைய எழுத்தில் அதன் வடிவம், எளிய பொருள் ஆகிய மூன்றும் வேண்டும். ஐயத்துக்குரிய வாசிப்பை ஐயத்துக்குரியது என்றே எழுத வேண்டும். எழுத்து பெரிதாகவும், சிறுவரும் முதியோரும் படிக்கும் உயரத்திலும் அமைய வேண்டும். பொருளைத் தந்தவர் வாய்மொழியாகக் கூறிய செய்திக்கும் அவர் வழங்கிய வட்டாரச் சொல்லுக்கும் அட்டையில் இடம் உண்டு. தந்தவர் அதனை 'மரக்கா' என்றே சொல்லியிருப்பின் அதுவும் தரவே.

2. பதிவேடும் பாதுகாப்பும்

காட்சிக்கும் நிதிக்கும் முன்னதாக நிற்பது பதிவேடு. எப்பொருள், எவரிடமிருந்து, எந்நாளில், என்ன முறையில் வந்தது, அதன் அளவு, நிலை, ஒளிப்படம் ஆகிய இவை எழுதப்படாத காட்சியகம் ஒருவரின் மறைவோடு மறைந்துவிடும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய பொருள்களைத் தொல்பொருள் என்கிறது; கையெழுத்துச் சுவடிகளுக்கு இவ்வரம்பு 75 ஆண்டு. சிற்பம் முதலிய சில வகைகளைப் பதிவு செய்தாக வேண்டும். மண்ணில் புதைந்து கிடைத்த மதிப்புடைய பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நல்லெண்ணத்தோடு திரட்டியவர் இவற்றை அறியாமல் சட்டச் சிக்கலுக்கு ஆளாவது உண்டு. பதிவற்ற பொருள்களுள்ள இடத்துக்கு நிதி தரவும் எந்த நிறுவனமும் முன்வாராது.

பாதுகாப்பிலும் எளிய செயல்களே பெரும்பயன் தருவன. சுவடியும் துணியும் இருக்கும் இடத்தில் வெயில் படலாகாது. ஒளிச்செறிவு 50 லக்சு அளவுக்கு மேற்படாதிருத்தல் நன்று. சுவடிகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசும் முறை நம் சுவடி நூலகங்களில் வழக்கில் உள்ளதே. நடுகல்லுக்குச் சுண்ணாம்பும் வண்ணமும் பூசுவதையும், எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கம்பித் தூரிகையால் தேய்ப்பதையும் தடுத்தாலே பாதி வாசகம் பிழைக்கும்.

3. அணையா விளக்கும் அன்றாடச் செலவும்

சிறு காட்சியகங்களுக்கு நன்கொடை அறவே கிடைப்பதில்லை என்று சொல்ல முடியாது. கட்டடம் கட்டவும் சிலை வைக்கவும் கண்ணாடிப் பேழை வாங்கவும் ஊரார் தருவர். வெளியூரில் வாழ்வோரும் அனுப்புவர். திறப்பு விழா நடைபெறும். அடுத்த மாதம் மின்கட்டணம் வரும். காவலருக்கு ஊதியம் வேண்டும். கறையான் மருந்தடிக்க வேண்டும். மங்கிய அட்டையை மாற்ற வேண்டும். இவற்றுக்குத் தருவார் இல்லை. ஆகவே, சிறு காட்சியகத்தை நலிவிப்பது முதலீட்டின் குறைவைவிடத் தொடர்செலவுக்கு வழியின்மையே.

இச்சிக்கலை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கோயிலில் நொந்தா விளக்கு எரிக்க விரும்பியவர் எண்ணெயை வாங்கித் தந்துவிட்டுப் போகவில்லை. ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள், சிலவிடத்துத் தொண்ணூறு ஆடுகள் விடப்பட்டன. அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் அவற்றைக் குறிக்கின்றன. ஆடு சாகும், மூக்கும்; ஆனால் கன்றும் குட்டியுமாகப் பெருகும் மந்தையின் எண்ணிக்கை குறையலாகாது என்பதே அதன் பொருள். பொன்னாகவும் காசாகவும் தந்தபோது முதலைத் தொடாமல் பொலிசையைக் கொண்டு அறம் நடத்தப்பட்டது. தந்தவர் பெயர், தந்த அளவு, ஏற்றவர் பெயர், செய்ய வேண்டிய பணி ஆகியன எல்லாரும் காணும் சுவரில் வெட்டப்பட்டன. முதல் அழியாமை, பணியின் வரையறை, கணக்கின் வெளிப்படைத்தன்மை என்னும் மூன்று கூறுகளும் அதில் உள்ளன.

இம்முறை தமிழ்த்துறைகளுக்குப் புதிதன்று. வைப்புத்தொகையின் வட்டியால் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் பல துறைகளில் உள்ளன. அதே முறையில் ஒரு காட்சியகத்துக்கு 'விளக்க அட்டை அறக்கட்டளை', 'காவலர் ஊதிய அறக்கட்டளை', 'சுவடிப் பாதுகாப்பு அறக்கட்டளை' எனப் பணிக்கொன்றாக நிறுவலாம். பெருந்தொகை தரவியலாதவர் ஒரு பேழையின் ஓராண்டுப் பேணுகைச் செலவை ஏற்கலாம். ஆண்டு வரவுசெலவைக் காட்சியகத்தின் சுவரிலேயே எழுதிவைக்க வேண்டும். கோயிற்சுவர் அன்று செய்ததை இக்கூடத்தின் சுவரும் செய்யட்டும். தான் தந்த ஐந்நூறு ரூபாய் எதற்குச் செலவாயிற்று என்று சுவரில் படித்தவர் மறு ஆண்டும் தருவார்.

நிறுவனங்களின் நிதியையும் நாடலாம். 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மரபுச்செல்வங்களையும் கலை, பண்பாட்டையும் காத்தல் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் அச்சட்டம் கூறுகிறது. எனவே சருக்கரை ஆலையோ நூற்பாலையோ உள்ள பகுதியின் காட்சியகம் இதனைக் கேட்பதற்கு உரிமையுடையது. ஆனால் கேட்பதற்கு முன் பதிவுபெற்ற அறக்கட்டளையாக அமைதல், நன்கொடைக்கு வரிச்சலுகைக்கான ஒப்புதல் பெறுதல், 2021 ஏப்பிரல் முதல் நடைமுறையில் உள்ள சமூகப் பொறுப்புப் பணிக்கான பதிவைப் பெறுதல், தணிக்கை செய்த கணக்கை வைத்திருத்தல் ஆகியவை வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இவ்வளவையும் தனியே செய்தல் அரிது. பல்கலைக்கழகத்தின் வணிகவியல் துறையும் சட்டத்துறையும் இதில் துணைநிற்கலாம்.

4. கொடையும் வரலாற்று நேர்மையும்

நிதி திரட்டுவதில் உள்ள பேரிடர் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. உள்ளூர்க் காட்சியகத்துக்குத் தருவோர் உள்ளூரார். அவர்களுக்குக் குலப்பெருமை உண்டு. நிலவுடைமையின் நினைவு உண்டு. 'எங்கள் முன்னோர் அரசர் என்று எழுதுங்கள்' என்று ஒருவர் கேட்பார். நடுகல் வீரனைத் தம் சாதியினன் என்று இரு தரப்பினர் உரிமை கொண்டாடுவர். ஊர்க்கட்டுப்பாட்டையும் தீண்டாமையையும் காட்டும் ஆவணம் ஒன்று கிடைத்தால், 'இது வேண்டாம், ஊருக்கு இழுக்கு' என்பர். இங்கே விட்டுக்கொடுத்தால் காட்சியகம் குடும்ப மண்டபமாகிவிடும்.

அறக்கட்டளை மரபைப் போற்றும்போது இதனையும் உடன்கொள்ள வேண்டும். கோயிற்சுவரில் பெயர் வெட்டப்பட்டவர் பொருளுடையோர். அறுவடை செய்தவர் பெயரும் கல் சுமந்தவர் பெயரும் அரிதாகவே கிடைக்கின்றன. நம் காட்சியகங்களும் கொடையாளரின் வரலாற்றை மட்டும் சொல்லுமாயின் அதே குறை தொடரும். ஆகவே மூன்று நெறிகளை எழுத்திலேயே வகுத்துக்கொள்ள வேண்டும். கொடையாளர் பெயர் கணக்குச் சுவரில் இடம்பெறுமேயன்றிப் பொருளின் விளக்க அட்டையில் இடம்பெறாது. விளக்கத்தை முடிவு செய்வது அறிஞர் குழு. அதில் கொடையாளருக்கு வாக்கு இல்லை. பொருளாகத் தர இயலாதவர் நினைவாகவும் பாட்டாகவும் தொழில்நுட்ப அறிவாகவும் தருவது கொடையே. அதுவும் பதிவேட்டில் ஏறும். ஏற்றம் இறைத்தவரின் பாட்டும் மண்பானை வனைந்தவரின் சொற்களும் இல்லாத உள்ளூர் வரலாறு முழுமை பெறாது. இந்நெறிகளால் சில நன்கொடைகள் நின்றுபோகும். அந்த இழப்பை ஏற்கத்தான் வேண்டும்.

5. அரசின் பொறுப்பு

'பண்பாட்டைக் காப்பது அரசின் கடமை. ஊராரிடம் கையேந்துவது ஏன்?' என்னும் மறுப்பு வலிமையுடையது. இதற்கு நம்மிடமே ஒரு முன்மாதிரி உண்டு. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறையில் எழுந்த முதற்சட்டம். சொத்து வரியோடு நூலக வரியைத் தண்டி, நூலகங்களுக்கு உரிய வருவாயை அது உறுதிசெய்தது. நன்கொடையை எதிர்பாராமல் ஊர்தோறும் நூலகம் நடக்க அதுவே வழி. அவ்வரியில் ஒரு சிறு பங்கையோ அதனை ஒத்த ஒரு நிதியையோ உள்ளூர்க் காட்சியகங்களுக்கு வழங்குவது குறித்து அரசு எண்ணிப்பார்க்கலாம். கிளை நூலகத்தின் ஓர் அறையையே காட்சியகமாக்கினால் கட்டடமும் காவலும் வாசகரும் ஒருங்கே அமையும்.

ஆயினும் சட்டம் வரும்வரை சுவடி காத்திராது. கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய அரிய நூற்செல்வம், அவர் மறைவுக்குப்பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது. அத்தகைய நல்லூழ் எல்லாத் தொகுப்புக்கும் வாய்ப்பதில்லை. திரட்டியவர் மறைந்தபின் பழைய இரும்புக் கடைக்குப் போன செப்புக்கலங்களும் கோணிப்பையில் கட்டிப் பரணில் ஏறிய சுவடிகளும் எத்தனையோ. அரசிடம் கேட்பதும் ஊராரிடம் திரட்டுவதும் ஒருங்கே நடக்க வேண்டியவை.

6. தமிழ்த்துறைகள் செய்யக்கூடியன

மேற்கூறியவற்றில் நாம் உடனே செய்யக்கூடியவை நான்கு. முதலாவது, கள ஆய்வில் ஓர் ஊரின் பொருளையோ வாய்மொழியையோ பயன்படுத்தும் ஆய்வாளர், ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் அவ்வூருக்கு ஒரு விளக்க அட்டையேனும் எழுதித் தர வேண்டும் என்பதை நெறியாக்கலாம். இரண்டாவது, முதுகலையில் கல்வெட்டியலும் சுவடியியலும் பயிலும் மாணவர் ஒரு பருவத்தின் செய்முறைப் பயிற்சியாக அண்மையிலுள்ள காட்சியகத்தின் பதிவேட்டை உருவாக்கலாம். மூன்றாவது, ஒவ்வொரு துறையும் தன் வட்டாரத்தின் ஒரு காட்சியகத்துக்கு அறிஞர் குழுவாக நிற்கலாம். நான்காவது, நூல் மதிப்புரை போலக் காட்சி மதிப்புரைக்கும் இதுபோன்ற ஆய்விதழ்கள் இடம் தரலாம். ஒரு காட்சியகம் எதை எவ்வாறு சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை வல்லுநர் மதிப்பிட்டு எழுதினால், விளக்க அட்டை எழுதுவதும் ஆய்வுப்பணியாக மதிக்கப்பெறும்.

நிறைவுரை

விளக்கம் இல்லாத காட்சியகத்துக்கு மக்கள் வாரார். மக்கள் வாராத காட்சியகத்துக்கு நிதி வாராது. நிதி இல்லாத காட்சியகம் விளக்கம் எழுதவும் இயலாது. இச்சுழலை உடைக்கப் பணம் இன்றியே தொடங்கத்தக்க இடம் விளக்கம் ஒன்றே. அது நம் கையில் உள்ளது.

முன்னுரையில் குறித்த ஊருக்குச் சென்ற ஆண்டு மீண்டும் சென்றோம். ஆய்வேட்டிலிருந்த வாசகத்தையும் அதன் பொருளையும் பெரிய எழுத்தில் எழுதி நடுகல்லின் அருகே வைத்தோம். சாவியோடு வந்த ஆசிரியர் அதனை இருமுறை உரக்கப் படித்தார். பிறகு, "இதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நானே சொல்லுவேன்" என்றார். அவ்வட்டையை எழுத எங்களுக்கு ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது. அதற்கு அவர் காத்திருந்ததோ பல ஆண்டுகள்.